அந்தப் பறவை யாரைப் பின்தொடர்கிறது?

துருக்கியில் உலுபாத் ஏரிக்கரையில் இருக்கும் எஸ்கிகராகாச் என்னும் சிற்றூருக்கு, ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஆண்டுதோறும் செங்கால் நாரைகள் திரும்பி வருகின்றன. அவற்றுள் யாரென் என்று பெயர் பெற்ற ஒரு நாரை, பத்தாண்டுக்கும் மேலாக ஒரே மீனவரின் படகைத் தேடி வந்து அதில் இறங்கி நின்று புகழ்பெற்றது. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர ஏரியில் 2006-ஆம் ஆண்டு பெட்ரா என்னும் கருப்பு அன்னம், அன்னத்தின் வடிவில் செய்யப்பட்ட ஒரு மிதிபடகை விட்டுப் பிரிய மறுத்தது. குளிர்காலத்தில் பறவையையும் படகையும் சேர்த்தே உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நியூசிலாந்தில் சிரோக்கோ என்னும் காக்காபோ கிளி, தன் இனப் பெண் கிளிகளைப் பொருட்படுத்தாமல் மனிதர்களின் தலைமேல் ஏறி இணைசேர முயன்றது. இம்மூன்றையும் உலகெங்கும் செய்திகள் ஒரே வகையான அன்புக் கதையாகத்தான் சொல்லின. ஆனால் பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவற்றுள் எதுவும் மற்றொன்றைப் போன்றதன்று. ஒன்றில் வயது வந்த, சுதந்திரமான பறவை தனக்குப் பயன்தரும் ஓர் இடத்தையும் ஆளையும் நினைவில் வைத்திருக்கிறது. மற்றொன்றில் இணைதேடும் உந்துதல் தவறான வடிவத்தின்மேல் போய் நிலைத்துவிட்டது. மூன்றாவதில் குஞ்சுப் பருவத்திலேயே தான் யார் என்பது பற்றிய கணிப்பு திசைமாறிவிட்டது. ஒரு காட்டுப் பறவை மனிதரை நாடி வரும்போது, இந்த வழிகளுள் எதன் வழியாக வந்தது என்று கேட்பதே முதல் வேலை. அந்தப் பறவையை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது முழுக்க அந்த விடையைப் பொறுத்தது.

குஞ்சுப் பருவத்துப் பதிவைப் பற்றித்தான் நமக்கு மிக அதிகமாகத் தெரியும். 1873-இல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர், பொரித்த கோழிக்குஞ்சுகள் தம் கண்ணெதிரே அசையும் முதல் பொருளை, அது மனிதரேயானாலும், பின்தொடர்வதைப் பதிவு செய்தார். குஞ்சுகளின் கண்களை மூடி வைத்து, சில நாட்கள் கழித்துத் திறந்தபோது அதே குஞ்சுகள் அவரைக் கண்டு அஞ்சி ஓடின என்பதையும் அவர் கவனித்தார். ஜெர்மானியரான ஆஸ்கர் ஹைன்ராத், அடைகாப்புப் பெட்டியில் பொரித்த காட்டு வாத்துக் குஞ்சுகள் மனிதரைப் பற்றிக்கொண்டு, பிறகு தாய் வாத்துகளிடம் சேர மறுப்பதை விவரித்தார். இவற்றை ஒரு கோட்பாடாக்கி 1935-இல் வெளியிட்டவர் ஆஸ்திரியரான கொன்ராட் லோரன்ஸ். வரிசையாக வாத்துக் குஞ்சுகள் பின்வர அவர் புல்வெளியில் நடக்கும் படங்கள் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் அவரும் ஒருவர்.

இம்பிரிண்டிங் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்த மனப்பதிவுக்கு ஒரு கால எல்லை உண்டு. அமெரிக்கரான எக்கார்ட் ஹெஸ், காட்டு வாத்துக் குஞ்சுகளில் பொரித்த பின் 13 முதல் 16 மணி நேரம் வரையிலான இடைவெளியில் பதிவு மிக வலுவாக நிகழ்வதைக் கண்டார். இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் இது முடிந்துவிடுவதற்குக் காரணம் எளியது. வாத்தும் கோழியும் பெருங்கொக்கும் பொரித்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கூட்டை விட்டு நடக்கத் தொடங்கும் குஞ்சுகளை ஈனுகின்றன. நடக்கத் தெரிந்தும் யார் பின்னால் நடப்பது என்று தெரியாத குஞ்சு அன்றே இரையாகிவிடும். ஆகவே தாயை அடையாளம் காண்பதை நிதானமாகக் கற்றுக்கொள்ள அதற்கு அவகாசம் இல்லை. காகம், ஆந்தை, கிளி போன்றவற்றின் குஞ்சுகள் கண் திறவாமல், இறகின்றிக் கூட்டுக்குள்ளேயே கிடப்பவை. அவற்றில் இந்தப் பதிவு நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் மெல்ல நடக்கிறது.

குஞ்சின் மூளை வெற்றுப் பலகையும் அல்ல. கேம்பிரிட்ஜில் கேப்ரியல் ஹார்னும் அவருடைய கூட்டாளிகளும், கோழிக்குஞ்சின் முன்மூளையில் இப்பதிவு சேமிக்கப்படும் குறிப்பிட்ட பகுதியைக் கண்டறிந்தார்கள். எதையும் முன்பு பார்த்திராத குஞ்சுகூடத் தலையும் கழுத்தும் உள்ள உருவத்தின்பால் கூடுதலாகச் சாய்வதும் தெரியவந்தது. 2005-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், உயிருள்ள உடலின் அசைவைச் சில ஒளிப்புள்ளிகளால் மட்டும் காட்டியபோதும், புதிதாகப் பொரித்த குஞ்சுகள் தாறுமாறாக அசையும் புள்ளிகளை விட்டு அதையே தேர்ந்தன என்று காட்டினார்கள். கில்பர்ட் காட்லீப், முட்டைக்குள் இருக்கும்போதே கேட்கும் ஒலிகள் பிறகு தாயின் குரலை அறிய உதவுவதை நிறுவினார். அதாவது குஞ்சு, தலையும் கழுத்தும் கொண்டு, உயிரோடு அசைந்து, குரல் கொடுத்து, அருகிலேயே இருக்கும் ஒன்றைத் தேடுகிறது. இயற்கையில் இந்த நிபந்தனைகள் எல்லாம் தாயிடம் மட்டுமே பொருந்தும். மனிதர் குறுக்கிட்டால் மனிதரிடமும் பொருந்திவிடுகின்றன.

லோரன்ஸின் கருத்துகளில் குறைவாகவே எடுத்துச் சொல்லப்படுவதும், என் பார்வையில் மிக முக்கியமானதும் வேறொன்று. ஜாக்டா என்னும் சிறிய காக்கை இனப் பறவை ஒன்றை அவர் கையில் வளர்த்தார். அது அவரைப் பெற்றோராக நடத்தியது. பறப்பதற்கோ அக்கம்பக்கத்துக் காகக் கூட்டத்தைத் துணையாகச் சேர்த்துக்கொண்டது. இன்னொரு ஜாக்டா பருவம் எய்தியதும் அவரையே இணையாகக் கருதி, புழுக்களை மென்று குழைத்து அவர் காதுக்குள் ஊட்ட முயன்றது. பறவையின் உலகில் பெற்றோர், பறக்கும் துணை, இணை, போட்டியாளர் எனத் தனித்தனிப் பாத்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி வயதில், தனித்தனிக் குறிப்புகளால் நிரப்பப்படுகிறது என்று லோரன்ஸ் இதிலிருந்து முடிவு செய்தார். மனிதர்களாகிய நாம் நம் தாயை எல்லாச் சூழலிலும் ஒரே ஆளாகவே காண்கிறோம். பறவைக்கு அந்த ஒருமை கட்டாயமில்லை. ஒரே மனிதர் அதன் வாழ்வில் இரண்டு பாத்திரங்களை ஏற்கவும் கூடும், ஒரு பாத்திரத்தை மட்டும் ஏற்று மற்றவற்றில் அறவே இல்லாமல் போகவும் கூடும். “இந்தப் பறவை என்னை விரும்புகிறதா?” என்ற கேள்வியைவிட, “எந்த இடத்தில் என்னை வைத்திருக்கிறது?” என்ற கேள்விக்குத்தான் விடை காண முடியும்.

குஞ்சுப் பருவத்தில் தாயின் இடத்தை நிரப்பிய உருவமே, பல இனங்களில், பருவம் எய்திய பின் இணையின் இலக்கணத்தையும் தீர்மானித்துவிடுகிறது. ஜெர்மானியரான கிளாஸ் இம்மெல்மன், ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு குருவியின் ஆண் குஞ்சுகளை வேறொரு குருவி இனத்தின் கூட்டில் வளர்த்தார். அவை வளர்ந்த பின் தம் இனப் பெண்களோடு மட்டும் நெடுங்காலம் இருந்து, குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்திய பிறகும், தேர்வு கிடைத்தபோது வளர்ப்பு இனத்துப் பெண்ணையே நாடின. வளர்த்தது மனிதராயின் நாட்டமும் மனிதர்பால் செல்கிறது.

இதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று டெக்ஸ். வட அமெரிக்காவின் வெள்ளைப் பெருங்கொக்குகள் 1940-களின் தொடக்கத்தில் 20-ஐச் சற்றே தாண்டிய எண்ணிக்கைக்கு வீழ்ந்திருந்தன. 1967-இல் சான் அன்டோனியோ உயிரியல் பூங்காவில் பொரித்த டெக்ஸ் என்னும் பெண் கொக்கு, மனிதரால் வளர்க்கப்பட்டதால் ஆண் கொக்குகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் இனத்தில் முட்டையிடாத ஒரு பெண் பறவை எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விஸ்கான்சினில் பன்னாட்டுப் பெருங்கொக்கு அறக்கட்டளையை நிறுவியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு, இனப்பெருக்கக் காலங்களில் டெக்ஸின் அருகிலேயே தங்கி, அதனோடு கொக்குகளின் காதல் நடனத்தை ஆடினார். கைகளைச் சிறகாக விரித்துத் துள்ளினார். நடனம் அதன் உடலில் முட்டையிடும் நிலையைத் தூண்ட, செயற்கைக் கருவூட்டல் மற்றதைச் செய்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1982-இல் ஒரு குஞ்சு பொரித்தது. அதே ஆண்டில் டெக்ஸை ரக்கூன்கள் கொன்றுவிட்டன. ஆனால் அந்தக் குஞ்சு வளர்ந்து பல குஞ்சுகளுக்குத் தந்தையானது. வால்நட் என்னும் வெண்பிடரிப் பெருங்கொக்கின் கதையும் இதே வகை. வர்ஜீனியாவில் உள்ள ஸ்மித்சோனியன் வனவிலங்கு மையத்தில் கிறிஸ் குரோ என்னும் பராமரிப்பாளரைத் தன் இணையாக வரித்துக்கொண்ட அது, அவர் துணையோடு எட்டுக் குஞ்சுகளை ஈன்றது. 2024 ஜனவரியில், 42 வயதில் அது இறந்தது.

இந்தக் கதைகளைப் படிப்பவர்கள் மனம் நெகிழ்வது இயல்பே. ஆயினும் இவற்றில் ஈடுபட்ட அறிவியலாளர்கள் எவரும் இதை ஒரு வெற்றிகரமான வளர்ப்பு முறையாகக் கருதவில்லை. நடந்துவிட்ட பிழைக்குச் செய்த மாற்றாகவே கருதினார்கள். கையில் வளர்ந்த ஆண் பொரி வல்லூறுகள் மனிதரை இணையாகக் கருதும் இயல்பை, தனி வகைத் தொப்பி ஒன்றை அணிந்து விந்து சேகரிப்பதற்குப் பயன்படுத்தியது போன்ற சில பயனுள்ள விதிவிலக்குகளும் உண்டு. மற்றபடி பாதுகாப்புத் திட்டங்கள் எல்லாம் எதிர்த் திசையில்தான் நகர்ந்தன. கலிபோர்னியா காண்டர் கழுகுகள் 1987-இல் மொத்தம் 27 மட்டுமே எஞ்சியிருந்தபோது, அவை அனைத்தையும் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். குஞ்சுகள் மனித முகத்தைக் காணாதபடி, காண்டரின் தலை வடிவில் செய்த கையுறைப் பொம்மையால் ஊட்டினார்கள். அப்படியும் 1992 முதல் விடுவிக்கப்பட்ட தொடக்கக் காலப் பறவைகள் சில, மனிதர் நடமாடும் இடங்களிலும் மின்கம்பங்களிலும் வந்து அமர்ந்தன. முகத்தை மறைத்தால் மட்டும் போதாது, நடத்தையைக் கற்றுத்தர வளர்ந்த காண்டர் ஒன்று உடன் இருக்க வேண்டும் என்பது அதன் பிறகே உறைத்தது.

வெள்ளைப் பெருங்கொக்குகளுக்கு இதைவிடத் துணிச்சலான ஏற்பாடு நடந்தது. 2001 முதல் 2015 வரை, கொக்கு வேடம் அணிந்த மனிதர்களால் வளர்க்கப்பட்ட குஞ்சுகளை, சிறு இலகு விமானம் ஒன்றைப் பின்தொடரச் செய்து, விஸ்கான்சினிலிருந்து புளோரிடா வரை வலசைப் பாதையைக் கற்பித்தார்கள். கொக்குகள் பாதையைக் கற்றன. மறு ஆண்டு தாமாகவே திரும்பவும் செய்தன. ஆனால் அவை தம் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவதில் பின்தங்கின. பெற்றோரிடம் வளராத பறவைகளுக்குப் பெற்றோராய் இருப்பது கைகூடவில்லை என்ற ஐயத்தின் பேரில், அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை 2016-இன் தொடக்கத்தில் விமான வழிகாட்டலை நிறுத்த முடிவெடுத்தது. நன்றாகத் திட்டமிட்டு, மனிதக் குரல்கூடக் கேட்காமல் வளர்த்த பறவைகளுக்கே இந்த நிலை என்றால், அன்பின் மிகுதியால் மடியில் வைத்து வளர்க்கப்படும் ஒரு குஞ்சு எதையெல்லாம் இழக்கிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சிரோக்கோவின் நிலையும் அத்தகையதே. 1997-இல் பொரித்த அது, மூச்சுக்குழல் தொற்று காரணமாகக் கூட்டிலிருந்து எடுத்துத் தனியே வளர்க்கப்பட்டது. வளர்ந்த பின் தன் இனத்தோடு சேரவே இல்லை. 2009-இல் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பின்போது விலங்கியலாளர் மார்க் கார்வர்டைனின் தலைமேல் ஏறிய காட்சி உலகப் புகழ் பெற, 2010-இல் நியூசிலாந்து அரசு அதைப் பாதுகாப்புப் பிரசாரத்தின் அதிகாரபூர்வ முகமாக அறிவித்தது. காக்காபோக்களுக்குக் கிடைத்த விளம்பரம் பெரிது. ஆனால் அந்த ஒரு பறவையின் இனப்பெருக்க வாழ்வு அதோடு முடிந்தது. இப்போது கையில் வளர்க்க நேரும் காக்காபோக் குஞ்சுகளைக் கூட்டமாகவே வளர்க்கிறார்கள்.

எல்லாப் பறவைகளும் இப்படித் தடம் மாறுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குயில் காகத்தின் கூட்டில் பொரித்து, காகத்திடம் இரை வாங்கித் தின்று வளர்கிறது. ஆனாலும் பருவம் வந்ததும் காகத்தை நாடிப் போவதில்லை. பிற இனங்களின் கூட்டில் முட்டையிடும் பறவைகளுக்கு, வளர்ப்பவரைப் பார்த்துத் தன் இனத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் இருந்திருந்தால் அவற்றின் வம்சம் ஒரே தலைமுறையில் அற்றுப்போயிருக்கும். தம் இனத்துக்கே உரிய குரல் போன்ற ஓர் அடையாளத்தை உள்ளார்ந்து அறிந்து, அதன் துணையால் தம்மவரைக் கண்டுகொள்கின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இனி, யாரென் போன்ற பறவைகளுக்கு வருவோம். இங்கே குஞ்சுப் பருவத்துப் பதிவு எதுவும் இல்லை. வளர்ந்த, தன் இனத்தோடு இணைசேரும், கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை இது. செங்கால் நாரைகள் ஆண்டுதோறும் அதே கூட்டுக்குத் திரும்பும் இயல்பு உடையவை. கூடு இருக்கும் ஊர் ஏரிக்கரை. ஏரியில் மீன் பிடிக்கும் படகு. படகில் மீன் கொடுக்கும் ஆள். திரும்பி வருவது இடப்பற்று, படகில் இறங்குவது கற்றல், குறிப்பிட்ட அந்த ஆளிடம் வருவது அடையாளம் காணும் திறன். இம்மூன்றும் சேர்ந்தால் நட்பு போன்ற ஒன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படித் தெரிவதில் தவறில்லை. ஏனெனில் “வெறும் மீனுக்காகத்தான் வருகிறது” என்று இதைத் தள்ளிவிடுவதும் சரியாகாது.

பறவைகள் மனிதர்களைத் தனித்தனியாக அடையாளம் காண்கின்றன என்பதற்கு இப்போது உறுதியான சான்றுகள் உள்ளன. 2006-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், ஜான் மார்ஸ்லஃபும் அவருடைய குழுவினரும் குகைமனிதன் முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து, காலில் அடையாள வளையமிட்டு விடுவித்தார்கள். அதன் பின் அந்த முகமூடியோடு நடந்த எவரையும் காகங்கள் கத்தி விரட்டின. வேறு முகமூடியைப் பொருட்படுத்தவில்லை. பிடிபடாத காகங்களும், அன்று பிறந்தே இராத குஞ்சுகளும்கூட அந்த முகத்தைப் பகை முகமாகக் கற்றுக்கொண்டன. பத்தாண்டுக்கு மேலும் அந்த எச்சரிக்கை அடங்கவில்லை. 2009-இல் புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் செய்த ஆய்வில், மாக்கிங்பேர்டு என்னும் பறவைகள் தம் கூட்டை இருமுறை, முறைக்கு 30 நொடி அளவே தீண்டிய ஒருவரை, வழியில் போகும் நூற்றுக்கணக்கான மாணவர்களிடையே பிரித்தறிந்து எதிர்த்தன. பாரிஸில் புறாக்கள், இரை தருபவரும் விரட்டுபவரும் தம் மேலங்கிகளை மாற்றிக்கொண்ட பிறகும் ஏமாறவில்லை.

இந்த ஆய்வுகளில் பல பகையை அளந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு காகம் பகைவரை நினைவு வைத்திருப்பதை அளப்பது எளிது, ஏனெனில் அது கூச்சலிடும். நல்லவரை நினைவு வைத்திருப்பது பெரும்பாலும் ஓர் இன்மையாகவே வெளிப்படும்: அவர் வரும்போது அது பறந்து ஓடுவதில்லை, அவ்வளவுதான். இரை வைப்பவரின் முற்றத்தில் காகங்கள் பொத்தான், கண்ணாடித் துண்டு போன்றவற்றை விட்டுச் செல்வதாக வரும் செய்திகளைப் பலர் பரிசு என்றே கொள்கிறார்கள். காக்கை இனங்களில் இணைகள் ஒன்றுக்கொன்று இரை ஊட்டுவதும், பொருள்களைத் தூக்கிச் சென்று விளையாடுவதும் வழக்கம் என்பதால், இதற்கு நன்றியுணர்வைத் துணைக்கழைக்காமலேயே விளக்கம் சொல்ல முடியும். காகம் இரை கண்ட இடத்தில் வாயிலிருந்ததைப் போட்டுவிட்டு இரையை எடுப்பதும் நடக்கக்கூடியதே.

மனிதரை நாடி வரும் பறவைகளுள் தேன்காட்டிப் பறவைக்குத் தனி இடம் தர வேண்டும். ஆப்பிரிக்காவில் இது தானாகவே மனிதரைத் தேடி வந்து, குரல் கொடுத்து, மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டுக்கு அழைத்துச் செல்கிறது; மனிதர்கள் கூட்டைப் பிளந்து தேனை எடுக்க, மெழுகும் புழுக்களும் பறவைக்குக் கிடைக்கின்றன. மொசாம்பிக்கின் நியாசா பகுதியில் யாவோ இனத்துத் தேனெடுப்பாளர்கள் வழிவழியாகக் கையாளும் ஓர் அழைப்பொலியைக் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் தலைமையிலான குழு 2016-இல் சோதித்தது. அந்த ஒலியை எழுப்பியபோது பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாகவும், தேன்கூடு கிட்டும் வாய்ப்பு 16-இலிருந்து 54 விழுக்காடாகவும் உயர்ந்தது. பின்னர் தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையேயும் சோதித்தபோது, அந்தந்த வட்டாரத்துப் பறவைகள் அந்தந்த வட்டாரத்து மனிதரின் ஒலிக்கே கூடுதலாக இசைந்தன. குஞ்சிலேயே பிற இனத்துக் கூட்டில் வளரும் பறவை இது; ஆகவே பெற்றோரிடம் இதைக் கற்றிருக்க வழியில்லை. காட்டுப் பறவைக்கும் மனிதருக்கும் இடையே நிலைத்திருக்கும் உறவுகளில் இதைவிட ஆழமானது வேறில்லை என்பேன். ஆனால் இதில் தனிமனிதர்மேல் பற்று என்று எதுவும் தேவைப்படவில்லை.

உழவு மாடுகளின் பின்னும் டிராக்டரின் பின்னும் நடக்கும் உண்ணிக்கொக்கு, மேயும் கால்நடையின் முதுகில் அமரும் கரிச்சான் ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். மண்ணையோ புல்லையோ கிளறிப் பூச்சியை வெளியே கொண்டுவரும் எந்தப் பெரிய உடலும் அவற்றுக்கு ஒன்றே. ஐரோப்பாவில் தோட்டக்காரரின் மண்வெட்டி அருகே வந்து நிற்கும் ராபின் குருவி, ஒரு காலத்தில் காட்டுப் பன்றிகளின் பின்னே அவ்வாறு நின்றிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

மிகவும் விசித்திரமாகத் தோன்றுவது, இரையும் இல்லாமல் வளர்ப்பும் இல்லாமல், முழுக்கக் காட்டில் பிறந்து வளர்ந்த பறவை திடீரென ஒருவரைப் பற்றிக்கொள்வது. வட அமெரிக்கக் காடுகளில் ரஃப்டு க்ரௌஸ் என்னும் காட்டுக்கோழி இனத்தின் தனிப் பறவைகள் சில, தம் எல்லைக்குள் வரும் மனிதரைப் பின்தொடர்ந்து காலடியில் நடப்பதும், இடையிடையே கொத்துவதும் பல முறை பதிவாகியுள்ளன. வட ஐரோப்பாவின் கேப்பர்கெய்லி சேவல்களும் மனிதர் முன் தோகை விரித்து ஆடி, பிறகு பாய்ந்து தாக்குவது உண்டு. எல்லை காக்கும் வேகமும் இணைதேடும் வேகமும் உச்சத்தில் இருக்கும் பறவைக்கு, எதிரே வந்து நிற்கும் நிமிர்ந்த உருவம் போட்டியாளராகவோ இணையாகவோ தோன்றிவிடுகிறது. கையில் வளர்ந்த ஆந்தையும் கழுகும் சிறு வயதில் செல்லமாக இருந்து, பருவம் வந்ததும் வளர்த்தவரின் முகத்தில் நகத்தைப் பதிப்பதற்கும் இதுவே காரணம். மனிதரைத் தன் இனமாகக் கருதும் பறவை, தன் இனத்துக்குள் காட்டும் மூர்க்கத்தையும் மனிதரிடமே காட்டும். பற்று முறிந்துவிட்டது என்று வளர்த்தவர் வருந்துவார். உண்மையில் அதே பற்று வேறொரு பாத்திரத்துக்கு மாறியிருக்கிறது.

அச்சமின்மையைப் பற்று என்று எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. கலாபகஸ் தீவுகளில் 1835-இல் டார்வின், கிளையில் அமர்ந்திருந்த ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட முடிந்தது. வேட்டையாடும் பாலூட்டிகளை அறியாத தீவுகளில் பறவைகளுக்கு அஞ்சி ஓடும் பழக்கமே வளரவில்லை. தீவுகளுக்கு வெளியே, வழக்கமாக அஞ்சும் ஒரு பறவை கைக்கு எட்டும் தூரத்தில் வந்து அமைதியாக நின்றால், முதலில் ஐயுற வேண்டியது நோயையும் நஞ்சையும் காயத்தையும்தான். பறவைக் காய்ச்சல் பரவியிருக்கும் இக்காலத்தில் அத்தகைய பறவையை வெறுங்கையால் தொடுவது இருவருக்கும் நல்லதன்று. காலில் வளையம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காட்டுப் பறவை என்று நம்பப்படுபவற்றுள் பல, எங்கோ யாரோ கையில் வளர்த்துத் தப்பவிட்டவை. அவை நம்மைத் தேர்ந்தெடுத்ததற்கு நாம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பறவையின் உள்ளே உணர்வென்று எதுவும் இல்லையா? பாலூட்டிகளில் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்னும் சுரப்புக்கு நெருங்கிய உறவான மீசோடோசின் பறவைகளில் உண்டு. அதன் செயலைத் தடுத்தபோது ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிகள் பெருங்கூட்டத்தோடு சேர்ந்திருப்பதில் நாட்டம் குறைந்தன என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இணையைப் பிரிந்த பறவை அலைந்து கூவுவதும் இரை மறுப்பதும் கண்கூடு. பிணைக்கும் இயந்திரம் உண்மையானது. அது தரும் நிம்மதியும் பிரிவில் வரும் தவிப்பும் உண்மையானவை என்று கொள்வதே நேர்மை. 2011-இல் பிரேசிலின் இல்யா கிராந்தே தீவில் எண்ணெய் படிந்து கரையொதுங்கிய பென்குயின் ஒன்றைக் காப்பாற்றிய முதியவரிடம் அது ஆண்டுதோறும் திரும்பி வந்தது. பல்லாயிரம் கிலோமீட்டர் நீந்தி நன்றி சொல்ல வந்ததாக எழுதப்பட்ட பகுதிதான் மிகையே தவிர, அவரிடம் மட்டும் அது இயல்பாக ஒட்டி நின்றதில் மிகை எதுவும் இல்லை. பென்குயின்கள் ஆண்டுதோறும் அதே இடத்தையும் அதே துணையையும் நாடும் பறவைகள் என்பதை அறிந்தால், அந்த நடத்தை புரிந்துகொள்ளக் கூடியதாகிறது, சிறுமைப்படுவதில்லை.

நடைமுறையில் இதெல்லாம் எங்கே வேறுபாட்டை ஏற்படுத்துகிறது என்றால், கீழே கிடக்கும் ஒரு குஞ்சைக் கண்டெடுக்கும் தருணத்தில்தான். இறகு முளைத்து, தத்தித் தாவும் குஞ்சு பெரும்பாலும் கைவிடப்பட்டதன்று. பெற்றோர் அருகிலிருந்தே ஊட்டிக்கொண்டிருக்கும். பூனையோ வாகனமோ எட்டாத புதர்மேல் வைத்துவிட்டு விலகுவதே அதற்குச் செய்யும் உதவி. இறகு முளைக்காத குஞ்சாயின் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. வேறு வழியின்றி வளர்க்கத்தான் வேண்டும் என்றால், தனியாக வளர்ப்பதுதான் மிகப் பெரிய கேடு. அதே இனக் குஞ்சுகளோடு சேர்த்து, பேச்சைக் குறைத்து, முகத்தையும் கையையும் மறைத்து ஊட்டும் முறையைப் பயிற்சி பெற்ற மீட்பு மையங்கள் பின்பற்றுகின்றன. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உட்பட, பல நாடுகளின் சட்டங்கள் காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பதைத் தடை செய்வதற்கு இதுவும் ஒரு நியாயம்.

ஆனால் சட்டம் வயதைக் கேட்பதில்லை என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு விவசாயி, கால் முறிந்து கிடந்த சாரஸ் பெருங்கொக்கு ஒன்றுக்கு மருத்துவம் பார்த்தார். குணமான பின்னும் அது அவரை விட்டுப் போகாமல், அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னே பறந்து வந்தது. 2023-இல் வனத்துறை அதை எடுத்துச் சென்று முதலில் ஒரு பறவைகள் சரணாலயத்திலும், பிறகு கான்பூர் உயிரியல் பூங்காவிலும் வைத்தது. நாடெங்கும் வாதம் கிளம்பியது. பாசத்தைப் பிரித்த கொடுமை என்று ஒரு தரப்பும், காட்டு உயிரைப் பழக்கப்படுத்திய குற்றம் என்று மற்றொரு தரப்பும் பேசின. இரு தரப்பிலும் விடுபட்ட கேள்வி, அந்தப் பறவை எந்த வழியாக மனிதரிடம் வந்தது என்பதே. குஞ்சாக எடுக்கப்பட்டு மனிதரைத் தன் இனமாகப் பதித்துக்கொண்ட பறவையை ஒரே நாளில் சரணாலயத்தில் விட்டால் அது அடுத்த மனிதரைத் தேடித்தான் போகும்; அதற்குத் தன் இனத்தோடு பழக நீண்ட இடைக்காலம் வேண்டும், அதுவும் பலிக்காமல் போகலாம். வளர்ந்த பின் காயத்தால் மனிதரிடம் வந்த பறவைக்கோ தன் இனம் எது என்பதில் ஐயம் இராது. கட்டின்றிப் பறக்க விட்டு, ஊட்டுவதைப் படிப்படியாகக் குறைத்து, சாரஸ்கள் கூடும் ஈரநிலம் அருகிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், இணைசேரும் பருவம் அந்தப் பிரிவைச் செய்து முடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் உயிரியல் பூங்காவின் கூண்டு கடைசி வழியாக மட்டுமே இருக்க முடியும்.